நீண்ட எக்ஸ்போஷரில் தெரிந்த கோடு

"சிக்னல் இல்லாமலேயும் கொஞ்சம் உள்ளே போகுதுன்னு எழுதலாமா அக்கா?" என்று எங்கள் ஆய்வகத்தில் இருந்த இளையவள் கேட்டாள். "வேண்டாம், பெரிதும் குறைகிறது என்று மட்டும் எழுது" என்றேன். செல்லில் இ.ஆர். (எண்டோபிளாஸ்மிக் ரெடிக்குலம்) என்ற சவ்வு வலையில் உருவாகும் புரதங்கள், வெசிக்கிள் என்ற சிறு சவ்வுப் பைகளில் ஏறித்தான் வெளியேறும். ஏறுவதற்கான அடையாளம்தான் சிக்னல், அதைக் கெடுத்த ஒரு புரதம் பற்றித்தான் அந்தப் பேச்சு. பேப்பர் வெளியாகிவிட்டது, அவளும் வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். அன்று நான் சொன்ன காரணங்கள் இன்றைக்கும் சரியாகத்தான் படுகின்றன. ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் சவ்வுப் புரதத்தின் வால் நுனியில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். இ.ஆரிலிருந்து சரக்கை எடுத்துச் செல்லும் இஆர்ஜிக்-53 புரதத்தின் வாலும் அப்படித்தான் முடியும். வெசிக்கிளைச் சுற்றி அமையும் காப்-2 என்ற புரத உறையில் இருக்கும் செக்24 இந்த மாதிரி அடையாளங்களைப் பிடித்துத்தான் சரக்கை வெசிக்கிளுக்குள் சேர்க்கிறது. அவள் அந்த இரண்டையும் அலனினாக மாற்றி, பட்டிங் அஸ்ஸே, அதாவது குழாயில் வெசிக்கிள்களை உருவாக்கும் சோதனை, செய்து பார்த்தாள். சவ்வுகளோடு சைட்டோசால் என்ற செல் திரவத்தையும் ஆற்றலுக்கான கலவையையும் சேர்த்து இன்குபேட் செய்து, முதல் சுழற்சியில் கனமான இ.ஆர். துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மேலே நிற்கும் திரவத்தை 1,00,000 ஜி-யில் சுழற்றினால், 60 முதல் 80 நானோமீட்டர் அளவுள்ள வெசிக்கிள்கள் அடியில் சேரும். அதில் எந்தப் புரதம் வந்திருக்கிறது என்று வெஸ்டர்ன் ப்ளாட்டில், ஆன்டிபாடி கொண்டு, பார்க்க வேண்டியதுதான்.

படத்தைக் குறைந்த நேரமே பதியவிடும் குறுகிய எக்ஸ்போஷரில், மாற்றாத புரதத்தின் லேனில் (மாதிரி ஓடிய வரிசையில்) கன்னங்கரேலென்று ஒரு பேண்ட். மாற்றியதன் லேனில் ஒன்றுமே இல்லை. பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவள் நிறுத்தவில்லை. அதே மெம்பரேனை நீண்ட எக்ஸ்போஷரில் வைத்து எடுத்தாள். அப்போது முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. காப்-2 உறையைத் தொடங்கிவைக்கும் சார்1 புரதத்தை முடக்கிய லேனில் அந்தக் கோடு இல்லை. இ.ஆரை விட்டு நகராத ரைபோஃபோரின் என்ற புரதத்துக்குப் பார்த்தால், வெசிக்கிள் லேன் அதே நீண்ட எக்ஸ்போஷரிலும் சுத்தமாக இருந்தது. "இ.ஆர். துண்டோட வெறும் கசிவுன்னா ரைபோஃபோரினும் வந்திருக்கணுமே அக்கா" என்றாள். நியாயமான கேள்வி. கசிவு இல்லை என்பதை அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

என் தயக்கம் வேறு. எங்கள் புரதம் தனியாக இருப்பதில்லை, பல சேர்ந்து ஒரு கூட்டாக இருக்கும். அந்தச் செல்களில் இயல்பான புரதமும் இருந்தது. வால் கெட்டுப்போன ஒன்று, வால் நன்றாக இருக்கும் மற்றவற்றோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கலாம். அப்புறம், மனிதச் செல்களில் செக்24 ஒன்றல்ல, ஏ, பி, சி, டி என நான்கு. அவற்றில் ஏதோ ஒன்று நாங்கள் தொடாத வேறொரு இடத்தைப் பிடித்திருக்கலாம். அப்படியானால் சிக்னல் இல்லாமல் போகிறது என்று எப்படிச் சொல்வது? முதல் சந்தேகத்தைத் தீர்க்கவே, இயல்பான புரதத்தை நீக்கிய நாக்-அவுட் செல்கள் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ரிவிஷன் அனுப்ப வேண்டிய தேதியோ நெருங்கிவிட்டது. பேப்பரில் போய்விடும் ஒரு தளர்வான வாக்கியத்தை மற்றவர்கள் நிரூபணமாக எடுத்துக் காட்டுவார்கள். அதை விடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இதுவரை எனக்கு உறுத்தல் ஏதும் இல்லை. உறுத்துவது இன்னொன்று. "பெரிதும் குறைகிறது" என்ற எங்கள் முடிவுக்கும் வேறு விளக்கம் சாத்தியம்தானே? பிறழ்வால் புரதம் சரியாக மடியாமல் போனாலும் அது வெசிக்கிளுக்குள் போகாது. சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாய்க்கால் புரதத்தில் 508-ஆவது ஃபினைல்அலனின் இல்லாதபோது நடப்பது அதுதான். தரக் கட்டுப்பாடு அதை இ.ஆரிலேயே நிறுத்தி அழிக்க அனுப்பிவிடுகிறது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வருகிறது. எங்கள் புரதம் அப்படி ஆகவில்லை என்று காட்ட புரதக் கூட்டுகளை அளவுப்படி பிரிக்கும் ஒரு சுக்ரோஸ் கிரேடியன்ட் ஓட்டினோம், கூட்டு சரியாகச் சேர்வதைப் பார்த்தோம், திருப்தியாகிவிட்டோம். நாங்கள் எதிர்பார்த்த முடிவுக்கு ஒரு கிரேடியன்ட் போதும் என்ற நான், அவள் பார்த்ததற்கு மட்டும் புதிய செல் வரிசையே வேண்டும் என்றேன். இரண்டுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்தேனா?

1987-இல் வீலாண்டும் ராத்மனும் குழுவினரும் மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்ன ட்ரைபெப்டைடைச் செல்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள். அதில் எந்த ஏற்றுமதி அடையாளமும் இருக்க வழியில்லை. ஆனாலும் அது வேகமாக வெளியே வந்தது. அப்படியானால் வெளியேற அடையாளம் தேவையில்லை, தங்குவதற்குத்தான் தேவை என்று வாதிட்டார்கள். பிறகு விஎஸ்வி-ஜி என்ற வைரஸ் புரதத்தில் பால்ச் குழு செய்த வேலைகள் வந்தன. அது வெசிக்கிளில் செறிந்து சேர்கிறது என்று தெரிந்தது. வாலில் உள்ள அமில அடையாளத்தின் பங்கு 1997-இல் வெளியானது. எனக்குப் பாடம் நடத்தியவர்கள் அந்த விவாதத்தில் சிக்னல் ஜெயித்துவிட்டது என்றே சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதே விஎஸ்வி-ஜியில் அடையாளத்தைக் கெடுத்தால் வெளியேற்றம் மெதுவாகிறதே தவிர அடியோடு நின்றுவிடுவதில்லை. அவளுடைய கோடு அந்த மிச்சத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். நிறைய புரதம் அடையாளத்தால் ஏறும், கொஞ்சம் சும்மாவும் ஏறும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்று நினைவுக்கு வரவில்லையா, வரவிடவில்லையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் வாதாடவில்லை. "சரி அக்கா" என்று சொல்லி, என் கண்ணெதிரிலேயே அந்த வரியை அழித்தாள். நீண்ட எக்ஸ்போஷர் படத்தையாவது பின்னிணைப்பில் போட்டிருக்கலாம். வாசிப்பவர்கள் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். போட்டால் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லத் தரவு இல்லை என்று நினைத்தேன். அதுவும் ஒரு காரணம்தான். போதுமான காரணமா என்பதில் மனம் ஒரு நாள் ஒரு பக்கம் நிற்கிறது, மறுநாள் மறுபக்கம்.

இப்போது அந்த நாக்-அவுட் செல்கள் வேறொரு வேலைக்காக எங்களிடம் வந்திருக்கின்றன. அவற்றில் இதே பிறழ்வை வைத்து அஸ்ஸேயைத் திரும்பச் செய்யப் போகிறேன். கோடு மறைந்தால், இயல்பான புரதத்தோடு சேர்ந்து போனது என்று ஆகும். மறையாவிட்டால் அவள் எழுத நினைத்த வாக்கியத்துக்கு வலு கூடும், நான்கு செக்24 பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். எது வந்தாலும், அன்று கையில் இருந்த தரவுக்கு அந்த வாக்கியம் பொருந்தியதா என்பதற்கு அது பதில் ஆகாது. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வதா, முடிவு வந்த பிறகு சொல்வதா என்பதைத்தான் இன்னும் தீர்மானிக்கவில்லை.