உள்ளே அழித்தேன், வெளியே குறையவில்லை

மார்ச் 3, 2025, திங்கள்

இரவு பத்தரை மணி. தாத்தாவின் பன்னிரண்டாவது கணக்குப் பேரேட்டின் ஸ்கேன் படங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். விண்டோஸ் மடிக்கணினி, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் உருவாக்கிய மெய்நிகர் கணினியில் (வி.எம்.) உபுண்டு லினக்ஸ், அதில் ஸ்கேன் பக்கங்களைச் சீராக்கும் ஸ்கேன்டெய்லர். திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. ஹோஸ்ட் கணினியில், அதாவது வெளியே இருக்கும் விண்டோஸில், இடம் தீர்ந்துவிட்டதால் வி.எம். நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இடம் ஒழித்துக் கொடுத்தால் தொடரலாம் என்று ஒரு செய்தி. சி டிரைவைத் திறந்தால் சிவப்புக் கோடு முழுக்க ஓடியிருக்கிறது.

கல்யாண வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றியதில் 12 ஜிபி கிடைத்தது. தொடரச் சொன்னேன். விட்ட பக்கத்திலிருந்தே ஓடியது. தாத்தாவின் கையெழுத்து ஒரு வரிகூடப் போகவில்லை. அந்த நிம்மதியில்தான் தூங்கப் போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

உபுண்டுவிடம் கேட்டால் 31 ஜிபிதான் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. வெளியே விண்டோஸில் அந்த வி.எம். கோப்புறை 88 ஜிபி. 256 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 238. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விட்டது.

மத்தியானம் தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கு சர்வர் வேலை.

"அண்ணா, ஸ்கேன் பண்ணின படத்தையெல்லாம் வேலை முடிஞ்சதும் என்ன பண்றீங்க?"

"வெளி டிஸ்க்குல காப்பி எடுத்துட்டு உள்ளே அழிச்சிடுவேன்."

"அழிச்சது உபுண்டுவுக்குத்தான் தெரியும். விண்டோஸுக்கு யார் சொன்னா?"

அதுதான் விஷயம். வி.எம். உருவாக்கும்போது 100 ஜிபி டைனமிக் டிஸ்க் கொடுத்திருந்தேன். அது எழுத எழுத வளரும்; தானாகச் சுருங்காது. ஒரு கோப்பை அழித்தால் உபுண்டு தன் பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பழைய எழுத்து அங்கேயே கிடக்கிறது. விண்டோஸில் அந்த டிஸ்க்காக இருக்கும் விடிஐ கோப்புக்கு அது குப்பையா, தாத்தாவின் பேரேடா என்று எப்படித் தெரியும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால் 2480 × 3508 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட், சுருக்காத டிஃப் கோப்பாக 26 எம்பி. 200 பக்கப் பேரேடு 5 ஜிபியைத் தாண்டும். பதினொரு பேரேடுகள் உள்ளே வந்து போயிருக்கின்றன. வந்ததற்கெல்லாம் டிஸ்க் வளர்ந்தது, போனதற்குக் குறையவில்லை.

மார்ச் 5, புதன்

உள்ளே துப்புரவு. குப்பைத்தொட்டியில் மட்டும் 9 ஜிபி. உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் சேர்த்து வைத்திருந்த பழைய பொதிகள், ஜர்னல் பதிவுகள், எல்லாம் போயின. வெளியே அதே 88.

மார்ச் 6, வியாழன்

விட்டுப்போன ஒன்றை இன்று கண்டுபிடித்தேன். முன்னொரு நாள் உபுண்டுவைப் புதுப்பிக்கும் முன் பாதுகாப்புக்காக, வி.எம்.மின் அன்றைய நிலையைப் பிடித்து வைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தேன். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலேயே பழைய டிஸ்க் உறைந்துவிடும். அதன்பின் எழுதுவதெல்லாம் தனிக் கோப்பில் சேரும். அந்தத் தனிக் கோப்பு 27 ஜிபி, பழையது 61.

ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் ஒன்றாகும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் கேட்கும். கையில் இருப்பதோ 12 ஜிபி. ஸ்னாப்ஷாட் கோப்பைப் பார்த்ததும் விண்டோஸிலேயே நேராக டிலீட் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. அதற்குப் பின் எழுதிய எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

காலையிலேயே உட்கார்ந்தேன். வி.எம்.மை முழுதாக அணைத்து, விர்ச்சுவல்பாக்ஸில் உள்ள 'மூவ்' வழியாக வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்னாப்ஷாட்டை நீக்கியதும் ஒரே கோப்பு, 74 ஜிபி.

அடுத்து, காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும்; அப்போதுதான் அது காலி என்று வெளியேயும் தெரியும். பெரிய பூஜ்யக் கோப்பு ஒன்றை எழுதி அழிக்கும் வழி உண்டு. நான் ஸீரோஃப்ரீ என்ற கருவியைத் தேர்ந்தெடுத்தேன். அது காலி இடங்களைப் படித்துப் பார்த்து, பூஜ்யமாக இல்லாததில் மட்டும் எழுதும். டிஸ்க் எழுதும் நிலையில் இருக்கக் கூடாது என்பதால் நிறுவாமலே ஓடும் உபுண்டு லைவ் ஐஎஸ்ஓவில் துவக்கி ஓட்டினேன். கறுப்புத் திரையில் சதவீத எண் ஒன்று மட்டும் நகர்ந்தது. 43-இல் வெகுநேரம் நின்றது. எழுந்து போக மனசு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைக் கருவியான விபாக்ஸ்மேனேஜில் மாடிஃபைமீடியம், அதோடு சுருக்கச் சொல்லும் காம்பாக்ட். 0%, புள்ளிகள், 10%, புள்ளிகள். முழுக்கப் பூஜ்யமாக இருக்கும் தொகுதிகளை அது விடிஐ கோப்பிலிருந்து கழற்றிவிடுகிறது. முடிந்ததும் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தேன். 24 ஜிபி. தம்பிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன்.

மார்ச் 15, சனி

இனி இரண்டு ஏற்பாடுகள். டிஃப் கோப்புகள் விண்டோஸ் பக்கமே பகிர்வுக் கோப்புறையில் இருக்கும். உபுண்டு அங்கிருந்தே படிக்கும். அழித்தால் இடம் அப்போதே திரும்பிவிடும். என் பயனர் பெயரை உபுண்டுவில் அதற்கு அனுமதி தரும் விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்த பிறகுதான் கோப்புறை திறந்தது.

இன்னொன்று, டிஸ்க்கை இணைக்கும் இடத்தில் 'டிஸ்கார்ட்' வசதியைப் போட்டேன். உபுண்டு எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை ஓட்டும்போது எந்த இடம் காலி என்று வெளியேயும் சொல்லிவிடும். சின்னச் சின்ன ஓட்டைகளுக்கு இது உதவாது. குறைந்தது 1 எம்பி சேர்ந்தாற்போல் காலியாக வேண்டும். சோதித்தேன்: வெளியே 29 ஆகியிருந்த கோப்பு 25-க்கு இறங்கியது.

வி.எம். மறுபடி சி டிரைவுக்கு வந்தாயிற்று. ராத்திரி பதின்மூன்றாவது பேரேட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. கீழே வரவுப் பத்தியில், மை கொஞ்சம் பரவிய எழுத்தில், 'நெல் மூட்டை 4'.