கூரைமேல் எறியக் கூடாத பல்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் குமுளியில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறேன். கிழக்கே மலையிறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம். மேற்கே வண்டிப்பெரியாறு, பீருமேடு வழியாகக் கோட்டயம் போகும் கே.கே. ரோடு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள். சிலர் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கித் தேயிலை பறிப்பவர்கள். சிலர் கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வந்து, பொழுது சாய வீடு திரும்புகிறவர்கள். பகல் முழுக்கப் பிள்ளைகள் அப்பத்தாவின் பொறுப்பில், அல்லது பள்ளிக்கூடத்தில். பிள்ளை விழுந்து பல்லில் அடிபடும் நேரத்தில் தாய் பக்கத்தில் இருப்பதில்லை, நானும் இருப்பதில்லை. யார் இருக்கிறாரோ அவருடைய கையில்தான் அந்தப் பல்லின் கதி இருக்கிறது. இந்த வேலையில் நான் கண்ட பெரிய உண்மை இதுதான்.

நம் வீடுகளில் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். தானாக ஆடி விழுந்த பால் பல்லை எறியட்டும், தவறில்லை. ஆனால் ஏழு, எட்டு வயதில் முளைக்கும் மேல் முன்பல் நிலைப்பல். அடிபட்டு வேரோடு கழன்று விழுகிற அந்தப் பல்லையும் 'இன்னொன்று முளைக்கும்' என்று எறிந்துவிடுகிறார்கள். எறியாதவர்கள் மண் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்து, காகிதத்தில் மடித்துக் கொண்டுவருகிறார்கள். அத்தனை அக்கறையோடு செய்த காரியம் என்பதால் அந்தக் காகிதத்தைப் பிரிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் உயிரணுக்கள் பிழைத்திருந்தால்தான் பல் பழையபடி எலும்போடு சேரும். தேய்த்தால் அவை உரிந்துவிடும். காற்றில் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும். உலர்ந்த பல்லைப் பொருத்தினாலும் எலும்பு அதன்மேல் நேராக ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பிள்ளையின் தாடை வளரும். அந்த ஒரு பல் மட்டும் கூட வளராமல் குட்டையாக நின்றுவிடும்.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது, விடாத மழை. எட்டு வயதுப் பையன் வராந்தாப் படியில் வழுக்கி முகம் குப்புற விழுந்துவிட்டான். அவனைத் தூக்கி வந்தவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுநர். முன்பு தம் மகளின் பல் வலிக்காக என்னிடம் வந்தபோது, காத்திருப்போருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். இரத்தத்தைப் பார்த்து எல்லோரும் கலங்கி நிற்க, அவர் மட்டும் சேற்றில் குனிந்து பல்லைத் தேடியிருக்கிறார். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்திருக்கிறார். வழியில் டீக்கடையில் பால் கேட்டதும் கடைக்காரர் கொதிக்கும் பாலை ஊற்ற வந்தாராம். "சூடு ஆகாது அண்ணாச்சி, குளிர்ந்த பால் வேண்டும்" என்று பாக்கெட் பாலை வாங்கிக் கிழித்து, ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றிப் பல்லைப் போட்டிருக்கிறார். அத்தனை வளைவுகளில் ஜீப் குலுங்கியும் பால் தளும்பாதபடி பையனின் அப்பத்தா உள்ளங்கையால் டம்ளரை மூடிப் பிடித்திருந்தார். என்னிடம் நீட்டியபோதும் கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வேரின் மேல் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. சலைன் என்னும் மருத்துவ உப்புநீரைப் பீய்ச்சி அதை அகற்றினேன், துடைக்கவில்லை. ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, குழியில் உறைந்திருந்த இரத்தத்தைக் கழுவி, விரல் நுனியால் பல்லை மெல்ல அழுத்தினேன். பாதி தூரம் போய்த் தயங்கி, பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பக்கத்துப் பற்களோடு சேர்த்து வளையும் தன்மையுள்ள மெல்லிய கம்பியைப் பசையால் ஒட்டினேன். கம்பி இரண்டு வாரம் இருக்க வேண்டும். பல்லுக்குச் சிறிது அசைவு தேவை. இறுக்கிக் கட்டினால் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். எட்டு வயதில் இந்தப் பல்லின் வேர்நுனி இன்னும் மூடியிருக்காது. ஆகவே உள்ளே இரத்த ஓட்டம் திரும்பி வரக்கூடும் என்று ரூட் கேனல் செய்யாமல் காத்திருந்தோம். வேர் முழுதாக வளர்ந்த பிள்ளையாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அதையும் தொடங்கியாக வேண்டும்.

பாலைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. பல்லை வெள்ளைப் பகுதியில் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ சலைனிலோ ஒருமுறை அலசி, விழுந்த இடத்திலேயே குழிக்குள் திரும்ப வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லிவிடுவது. முதல் கால் மணி நேரத்துக்குள் அதைச் செய்துவிட்டால் அதற்கு ஈடே இல்லை. அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது என்பதால்தான் பாலைச் சொல்கிறேன். இளநீரில் போடலாமா என்று இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு, முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பால் எல்லா டீக்கடையிலும் கிடைக்கிறது. வெறும் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். உயிரணுக்கள் அதில் ஊதி வெடித்துவிடும்.

இத்தனையும் நிலைப்பல்லுக்கு மட்டும். மூன்று வயதுக் குழந்தையின் பால் பல் கழன்று விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. மேலே எலும்புக்குள் அடுத்த பல்லின் முளை இருக்கிறது, அது கெட்டுவிடும். "என் பிள்ளை ஏழு வயது வரை இப்படியா சிரிக்கும், டாக்டரம்மா?" என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிரிக்கும், நன்றாகவே சிரிக்கும் என்று சொன்னேன். விழுந்த பல் கிடைக்கவே இல்லை என்றால்தான் எனக்குக் கவலை. உதட்டுக்குள் புதைந்திருக்கலாம், மூச்சுக் குழாய்க்குள் போயிருக்கலாம். இருமலோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் பல் ஆஸ்பத்திரியைத் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடிபட்ட பல்லைவிட என்னைத் தூங்கவிடாதது வீங்கிய முகம். ஐந்து வயதுப் பெண் குழந்தை, கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. வலிக்கு வீட்டில் கிராம்பு எண்ணெய், பிறகு பல்லுக்கடியில் வலி மாத்திரை. அது ஈற்றை வெள்ளையாகப் பொசுக்கியிருந்தது. கடையில் இரண்டு வேளைக்குக் கொடுத்த ஆண்டிபயாட்டிக் முடிந்ததும் வலி குறைந்தது, விட்டுவிட்டார்கள். நான் பார்த்தபோது வீக்கம் தாடைக்கடியில் கல்லாக இறுகியிருந்தது. காய்ச்சல். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. அப்படி வழிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வீக்கம் மூச்சுவழியை அடைத்துவிடும். அப்போதும் குடும்பத்துக்குள் தேனி மருத்துவக் கல்லூரியா, கோட்டயமா என்று பேச்சு. ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். தேனிக்கு அனுப்பினோம். அங்கே சீழை வெளியேற்றி, பல்லை எடுத்து, குழந்தையைப் பிழைக்க வைத்தார்கள். மாத்திரை வலியை அடக்கும். சீழுக்குக் காரணமான பல்லைக் கவனிக்காவிட்டால் நோய் உள்ளேயே இருக்கும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. பாராசிட்டமால் கூட எடைக் கணக்கு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் எடை பார்த்து, அளவைச் சீட்டில் எழுதியே கொடுக்கிறேன்.

பெற்றோரிடம் இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்பேன். "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். அடிபட்டு வாயெல்லாம் இரத்தமாக வருகிற அன்று அந்தப் பயம் முழுவதும் என் நாற்காலியில் வந்து உட்காருகிறது. என்ன செய்யப்போகிறேன் என்று முதலில் சொல்லி, கருவியைக் காட்டி, விரல் நகத்தில் தொட்டுக் காட்டி, அதன் பிறகே வாயருகே போவேன். அந்த எட்டு வயதுப் பையனுக்கும் அப்படித்தான். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தேன். ஒருமுறை தூக்கினான், நான் உடனே நிறுத்தினேன். அதன் பிறகு அவன் தூக்கவே இல்லை.

மழைக்காலம் தொடங்குமுன் பள்ளிகளுக்கும் ஜீப் நிறுத்தத்துக்கும் போய்ப் பேசுகிறேன். இப்போது என் தலைவலியெல்லாம் கம்பி எடுக்கும் நாள்தான். ஏலக்காய் எடுக்கும் மாதங்களில் ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. வலி நின்ற பிள்ளையை யார் கூட்டிவருவார்கள்? இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டிய கம்பியோடு இரண்டு மாதம் கழித்து வருகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறந்து வைத்திருக்கிறேன். எந்தப் பல், என்று விழுந்தது, எத்தனை நேரம் வெளியில் இருந்தது, என்று கம்பி எடுக்க வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிச் சீட்டில் கொடுக்கிறேன். குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப்போனாலும், அங்கே இருக்கிற பல் மருத்துவர் அதைப் பார்த்துக் கம்பியை எடுத்துவிடலாம்.