சரிபாதி சதுர அலைக்கு ஒரு 555

மார்ச் 2

ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றைச் சோதிக்க ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வேண்டும். பெட்டியில் 555 டைமர் ஐசி கிடக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று பிரெட்போர்டோடு உட்கார்ந்துவிட்டேன். வழக்கமான ஆஸ்டேபிள் (தானாகவே மேலும் கீழுமாக மாறிக்கொண்டிருக்கும்) சுற்றுதான்: மேலே 1 கிலோஓம், கீழே 6.8 கிலோஓம், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கணக்குப்படி 986 ஹெர்ட்ஸ், ஆசிலோஸ்கோப்பில் 1,040. கெப்பாசிட்டர் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் அது பரவாயில்லை. கெப்பாசிட்டர் நிரம்புவது இரண்டு ரெசிஸ்டர் வழியாக, வடிவது கீழே உள்ளது வழியாக மட்டும், அதனால் அலை மேலே இருக்கும் நேரம் சரிபாதியாக இல்லாமல் 53 சதவீதத்தில் நிற்கிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 3

கெப்பாசிட்டரை வடிக்கும் ஏழாம் பின்னைச் சும்மா விட்டுவிட்டு, அவுட்புட்டான மூன்றாம் பின்னிலிருந்தே ஒரே ஒரு 6.8 கிலோஓம் வழியாகக் கெப்பாசிட்டரை நிரப்பி வடித்தேன். நிரப்புவதும் வடிப்பதும் ஒரே ரெசிஸ்டர், சரிபாதி வந்தாக வேண்டும். வந்ததோ 59 சதவீதம்! ஐசியை மாற்றினேன், அதே கதை. சப்ளையாக 9 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் கொடுத்ததும் 70-ஐத் தாண்டியது, அப்போதுதான் பிடிபட்டது. அவுட்புட் கீழே கிட்டத்தட்ட பூஜ்யம்வரை இறங்குகிறது, மேலே 9 வரை ஏறுவதில்லை, 7.7-லேயே நின்றுவிடுகிறது. நிலை மாறக் கெப்பாசிட்டர் சப்ளையின் மூன்றில் இரண்டு பங்கான 6 வோல்ட்டைத் தொட வேண்டும், அதைத் தள்ளுவது 7.7 மட்டும் என்றால் கடைசி ஏற்றம் இழுத்துக்கொண்டுதான் போகும்.

மார்ச் 6

அவுட்புட் கிட்டத்தட்ட சப்ளைவரை ஏறும் சிமாஸ் (CMOS) வகை 555-ஆன 7555 வந்தது. அதே துளைகளில் செருகினேன், சரிபாதி. ரெசிஸ்டரை 7.5 கிலோஓம் ஆக்கியதும் 1,012 ஹெர்ட்ஸ். 5 வோல்ட்டுக்கு இறக்கினாலும் அதிர்வெண் அசையவில்லை. நிலை மாறும் வோல்ட்டேஜ் வாசல்கள் சப்ளையின் மூன்றில் ஒரு பங்கிலும் இரண்டு பங்கிலும் இருப்பதால் சப்ளை இறங்கும்போது அவையும் கூடவே இறங்குகின்றன, நேரம் மாறுவதில்லை. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்த சிப், அடுத்த ஆண்டு சிக்னெட்டிக்ஸ் வெளியிட்டது, இந்த ஒரு யோசனைக்காகவே அவரைக் கும்பிடலாம். அப்புறம் ஒன்று: பழைய வகை 555 நிலை மாறும் ஒவ்வொரு முறையும் சப்ளையில் ஒரு கூரிய முள் தெரிந்தது. ஒன்றாம், எட்டாம் பின்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் வைக்காமல் அந்த வகையைப் பயன்படுத்தாதீர்கள்.

மார்ச் 8

கெப்பாசிட்டரிலேயே வளைந்த முக்கோணம்போல ஓர் அலை இருக்கிறதே, அதையும் வெளியே எடுக்கலாம் என்று அளவைக் கூட்டிக் குறைக்க 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரை அங்கே நேராக இணைத்தேன். ஆசிலேஷனே நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் காரணம் பளிச்சென்று தெரிகிறது: 7.5-உம் 10-உம் சேர்ந்து 9 வோல்ட்டைப் பங்கு போட, கெப்பாசிட்டருக்குக் கிடைப்பது 5.1 வோல்ட். 6 வோல்ட் வாசலை அது எந்தக் காலத்திலும் தொடாது. இடையில் கெப்பாசிட்டரிலிருந்து கரண்ட்டை இழுக்காத பஃபராக ஒரு எல்எம்358 ஆப்-ஆம்ப் வைத்ததும் சரியாகிவிட்டது. டிஎல்072 வேண்டாம், ஒற்றைச் சப்ளையில் 3 வோல்ட்வரை இறங்கும் உள்ளீடு அதற்கு ஒத்துவராது.

மார்ச் 9

ஆம்ப்ளிஃபயரில் சதுர அலையைக் கொடுத்தேன். தட்டையாக இருக்க வேண்டிய அலையின் தலை சரிவாக வந்தது. இன்புட்டில் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட்தான் இருந்தது, 2.2 போட்டேன். சரிவு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. நாளை 7555-ஐப் போர்டில் சால்டர் செய்கிறேன்.