கம்பைல் ஆகிவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள்: மாட்யூல் ஜாவாவும் டேட்டாபேஸும்

கிளையன்ட் கேட்டது சின்ன விஷயம்தான். கிடங்குக் கணினிகளில் ஜாவாவைத் தனியாக நிறுவ மாட்டார்களாம். எங்கள் சரக்குக் கணக்கு மென்பொருள் தனக்கு வேண்டிய ஜாவாவைத் தானே கொண்டுவர வேண்டுமாம். சரி, ஜேலிங்க் (தேவையான பகுதிகளை மட்டும் வைத்து ஜாவாவைக் கட்டித்தரும் கருவி) வைத்து ஒரு குட்டி ரன்டைம் கட்டிவிடலாம், அந்தச் சாக்கில் எல்லாவற்றையும் மாட்யூல் பாத்துக்கு (நிரலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனக்கு எது வேண்டும், எதை வெளியே காட்டும் என்று அறிவிக்கும் முறை) மாற்றிவிடலாம் என்று முடிவானது. ஜாவா 17, ஹைபர்நேட் 6 (ஜாவா வகுப்புகளை டேபிள்களோடு இணைக்கும் லைப்ரரி), போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ஃபிளைவே (டேபிள்களை உருவாக்கும் எஸ்க்யூஎல் கோப்புகளை வரிசையாக ஓட்டும் கருவி). இதே வழியில் இறங்கப்போகிறவர்கள் மேலே படிக்கவும்.

டேட்டாபேஸோடு பேசும் டிரைவரில் எந்தச் சிக்கலும் இல்லை. மாட்யூலின் அறிவிப்புக் கோப்பான மாட்யூல்-இன்ஃபோவில் ஜாவா.எஸ்க்யூஎல்லை ரிக்வயர் செய்து, டிரைவர் ஜாரை மாட்யூல் பாத்தில் போட்டால் சர்வீஸ் லோடர் கண்டுபிடித்துக்கொள்கிறது.

ஹைபர்நேட்டில் முதல் அடி. கம்பைல் சுத்தம், ஓட்டினால் இன்ஆக்சஸிபிள்-ஆப்ஜெக்ட்-எக்செப்ஷன். என்டிட்டியின் (ஒரு டேபிளுக்கு நேரான வகுப்பு) பிரைவேட் ஃபீல்டுகளை ரிஃப்ளெக்‌ஷனில் (ஓடும்போது வகுப்பின் உள்ளே கைவிடும் வழி) தொட அதற்கு அனுமதி இல்லை. எக்ஸ்போர்ட்ஸ் (பொதுவானவற்றை மட்டும் காட்டுவது) போட்டால் தீராது, ஓப்பன்ஸ்தான் (ஓடும்போது உள்ளேயும் தொடத் திறந்துவிடுவது) வேண்டும். எந்த பேக்கேஜை எந்த மாட்யூலுக்குத் திறக்க வேண்டும் என்பதை அந்தப் பிழைச் செய்தியே சொல்லிவிடும், புண்ணியம்.

அடுத்தது அவ்வளவு நல்ல மனசுக்காரன் இல்லை. எங்கள் என்டிட்டிகள் தனி மாட்யூலில் இருந்தன. அது ஜகார்த்தா பெர்சிஸ்டென்ஸை (ஹைபர்நேட் பின்பற்றும் பொது வரையறை) மட்டுமே ரிக்வயர் செய்தது. லேசி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுப்பது) உள்ள ஒரு திரையைத் திறந்தால் இல்லீகல்-ஆக்சஸ்-எரர். இதற்காக ஹைபர்நேட் ஓடும்போது உருவாக்கும், என்டிட்டிக்குப் பதிலாக நிற்கும் புராக்ஸி வகுப்பு, என்டிட்டி இருக்கும் அதே பேக்கேஜில், அதாவது நம் மாட்யூலுக்குள்தான் பிறக்கிறது. அது ஹைபர்நேட்டின் இன்டர்ஃபேஸ் ஒன்றை இம்ப்ளிமென்ட் செய்கிறது. நம் மாட்யூலோ ஹைபர்நேட்டை ரீட் செய்வதில்லை. ஆகவே என்டிட்டி மாட்யூலிலும் ஹைபர்நேட் கோரை ரிக்வயர் செய்தாக வேண்டும். "டொமைன் மாட்யூலுக்கு ஹைபர்நேட் என்ற பெயரே தெரியக் கூடாது" என்று எங்கள் ஆர்க்கிடெக்ட் முகத்தைச் சுளித்தார். தெரிந்துதான் ஆக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் யூனிட் டெஸ்ட்கள் எல்லாம் பச்சை. மேவனின் பாம் கோப்பில் பல காலமாகக் கிடந்த ஒரு ஷ்யூர்ஃபயர் (டெஸ்ட்களை ஓட்டும் பிளகின்) செட்டிங் அவற்றை மாட்யூல் பூட்டு எதுவும் இல்லாத பழைய கிளாஸ்பாத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த செட்டிங், அதாவது யூஸ்-மாட்யூல்-பாத், என்ன மதிப்பில் இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள்.

ஃபிளைவே சத்தமே போடாமல் கவிழ்த்தது. எஸ்க்யூஎல் கோப்புகள் டிபி/மைக்ரேஷன் ஃபோல்டரில் இருந்தன. அது செல்லுபடியாகும் பேக்கேஜ் பெயர் என்பதால் மாட்யூல் சிஸ்டம் அதையும் பூட்டிவிடுகிறது. மெட்டா-இன்ஃப் என்ற ஃபோல்டர் பெயரில் நடுவே கோடு இருப்பதால் (அது பேக்கேஜ் பெயராகாது) அதற்குள் இருந்த ஹைபர்நேட் அமைப்புக் கோப்பு பெர்சிஸ்டென்ஸ்.எக்ஸ்எம்எல் தப்பித்தது. ஃபிளைவே ஒரு எச்சரிக்கை வரியோடு கடந்துபோக, கடைசியில் டேபிளே இல்லை என்று போஸ்ட்கிரஸ்தான் கத்தியது. அந்த பேக்கேஜுக்கும் ஓப்பன்ஸ் போடுங்கள், இன்னாருக்கு என்று குறிப்பிடாமல்.

ஜேலிங்க் ஆட்டோமேட்டிக் மாட்யூல்களை (மாட்யூல்-இன்ஃபோ இல்லாத ஜார்கள்) தொடவே தொடாது. எங்கள் டிரைவரும் ஹைபர்நேட்டும் அந்த ரகம். ஒவ்வொரு ஜாருக்கும் மாட்யூல்-இன்ஃபோ ஒட்டவைக்கும் கருவிகள் உண்டு. லைப்ரரி வெர்ஷன் மாறும்போதெல்லாம் அந்த வேலையைத் திரும்பச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. ஜேடெப்ஸ் (எந்த மாட்யூல்கள் தேவை என்று பட்டியலிடும் கருவி) சொன்ன ஜேடிகே மாட்யூல்களை மட்டும் வைத்து ரன்டைம் கட்டி, மற்ற ஜார்களைப் பக்கத்து ஃபோல்டரில் வைத்து மாட்யூல் பாத்தில் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் அருமையாக ஓடியது.

கிளையன்ட் இடத்தில் போய் நிறுவினால் டேட்டாபேஸ் இணைப்பே இல்லை: ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர். அவர்களுடைய டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) டிக்கெட் போட்டேன். அதே கணினியிலிருந்து பிஎஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரஸின் கட்டளைக் கருவி) இணைத்துக் காட்டி, "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்று மூடிவிட்டார். மறுபடி திறந்தேன். ஃபயர்வால் டீமைப் பாருங்கள் என்றார். ஃபயர்வால் டீம் சர்டிஃபிகேட்டைப் பாருங்கள் என்றது. ஒரு முழுப் பயணம் தண்டம்.

அலுவலகம் திரும்பி, அதே ஜார்களை முழு ஜேடிகேயில் ஓட்டி அவர்கள் சர்வரோடு இணைத்தால், உடனே இணைந்தது. அப்போதுதான் இரண்டு ரன்டைம்களிலும் லிஸ்ட்-மாட்யூல்ஸ் கொடுத்து ஒப்பிட்டேன். குட்டி ரன்டைமில் எலிப்டிக் கர்வ் குறியாக்கத்துக்கான ஜேடிகே.கிரிப்டோ.ஈசி இல்லை. கிளையன்ட் சர்வரின் சர்டிஃபிகேட் எலிப்டிக் கர்வ் வகை. அந்த மாட்யூல் இல்லாமல் டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) பேச்சுவார்த்தை தொடங்கிய இடத்திலேயே முறிந்துவிடும். எங்கள் டெஸ்ட் சர்வரில் டிஎல்எஸ்ஸே கிடையாது, எப்படித் தெரியும்? ஜேடெப்ஸும் சொல்லாது. நிரல் நேரடியாகக் கூப்பிடுவதை மட்டும்தான் அது பார்க்கும்; ஓடும்போது சர்வீஸ் வழியாக வந்து சேர்வது அதன் கண்ணில் படாது. ஜேடிகே 22 முதல் இந்தப் பகுதி ஜாவா.பேஸுக்குள்ளேயே போய்விட்டது. 17, 21 வைத்திருப்பவர்கள் ஜேலிங்கின் ஆட்-மாட்யூல்ஸ் பட்டியலில் கையால் சேர்த்துவிடுங்கள்.

சேர்த்தேன், புது இன்ஸ்டாலரை அனுப்பினேன், இணைந்தது. மறுநாள் டிக்கெட்டைப் பார்த்தால், "டிபிஏ குழுவால் தீர்க்கப்பட்டது" என்று மூடியிருந்தார்கள்.