சாரம் ஏறலாமா?

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி. "சார், மறுபடி சாரம் ஏறலாமா?" அவருக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். நான் சொன்னது, "முதலில் தரையில் நடப்போம் அண்ணே." அவர் சிரித்தார், பக்கத்தில் நின்ற அவர் மனைவியும் சிரித்தார். அதை "ஏறலாம்" என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பொங்கல் கழித்து வேலைக்கு வருவதாகச் சொல்லி மேஸ்திரியிடம் முன்பணமும் வாங்கிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பொய் சொல்லவில்லை. தரையில் நடப்பதுதான் முதல் வேலை. ஆனாலும் அந்தப் பதிலை மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்.

விழுந்ததில் அவருக்கு வலது குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. வந்த அன்றே அறுவை செய்யவில்லை என்று குடும்பத்துக்குக் கோபம். குதிகாலில் அவசரம் ஆகாது. தோல் வீங்கிப் பளபளவென்று விறைத்து நிற்கும், கொப்புளம்கூடக் கிளம்பும். அந்த நிலையில் கீறினால் காயம் மூடுவது சிரமம். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை ஒரு வாரமோ இரண்டு வாரமோ காலைத் தூக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். தலையணைமேல் கால் கிடப்பதும் சிகிச்சைதான் என்று எங்கள் வார்டில் யாரும் நம்புவதில்லை. "இதற்குப் புத்தூர் கட்டுக்கே போயிருக்கலாம்" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

பிறகு பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் "அருமையாக உட்கார்ந்திருக்கிறது" என்றார். உண்மை. எலும்பு அருமையாகத்தான் உட்கார்ந்திருந்தது.

கணுக்கால் பாதத்தை மேலும் கீழும் அசைக்கும். பாதம் உள்ளும் வெளியுமாகச் சாய்வது அதற்குக் கீழே உள்ள மூட்டில், குதிகால் எலும்பும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எலும்பும் சேரும் இடத்தில். இப்படி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் உடைவது அந்த மூட்டின் வழவழப்பான பரப்பு. பிளேட் அதை வரிசையாக்கும். பழைய சாய்வு முழுதாகத் திரும்புவது அபூர்வம். சிமெண்டுத் தரையில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. வரப்பில் தெரியும், ஜல்லியில் தெரியும். உருண்டையான சவுக்குக் கம்பில் வெறுங்காலோடு நிற்பவருக்கோ அந்தச் சாய்வுதான் பிடிமானம். சி.டி. ஸ்கேன் படத்தை அவர் கேள்வி கேட்பதற்கு முன்பே நான் பார்த்திருந்தேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவர் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. "சாரம் கஷ்டம்தான்" என்று சொல்லியிருந்தால், துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சியைக்கூடச் செய்திருக்கமாட்டார். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி கேட்டுவிட்டுப் போனவர் திரும்ப வரவேயில்லை. (அவர் வராததற்குப் பஸ் செலவும் காரணமாக இருந்திருக்கலாம். என் வாதத்துக்கு வசதியாக இருப்பதால் அவரை இப்படி இழுத்து வருகிறேனோ என்னவோ.)

வாரக்கணக்கை மட்டும் நாங்கள் தயங்காமல் சொல்வோம். தையல் பிரிக்க இரண்டு, மூன்று வாரம். கால் ஊன்றாமல் 6 முதல் 12 வாரம். சாயங்காலமானால் ஏறும் வீக்கம் பல மாதங்களுக்கு இருக்கும். பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போனது போலிருக்கலாம். பழைய செருப்பு சேராமல் போகலாம். ஒரு வருடம் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். அவர் கேட்ட கேள்விக்கு இதில் எதுவும் பதில் இல்லை.

நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் சாய்வுப் பலகையில் நிற்கவைத்தேன். இடது பாதம் பலகையோடு சாய்ந்தது. வலது பாதம் சாயாமல் விளிம்பில் நின்றது, முழங்கால் உள்ளே மடங்கியது. அவர் குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சொல்லியிருக்க வேண்டும் என்றால் எதுவரை சொல்வது? 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. குதிகால் நொறுங்கிய 151 பேரில் ஒரு பகுதியினருக்கு அறுவை செய்தார்கள், மற்றவர்களுக்குச் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை, அறுவை செய்தவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம். பாதத்தின் வடிவமே மோசமாகக் கெட்டவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கொத்தனார் எந்த வகை என்று முடிவு செய்தது நான் இல்லை. என்னிடம் வரும்போது பிளேட் உள்ளே போயிருந்தது. அதன் பிறகு இந்த ஆய்வைச் சொல்லி அவர் என்ன செய்யப் போகிறார்?

அவர் இப்போது கீழே நின்று கலவை போடுகிறார், கூலி குறைவு. சென்ற வாரம் அதே எலும்பு முறிந்த வெல்டர் ஒருவர் வந்தார். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மேடு பள்ளம், ஏணி, உயரம் எல்லாம். பொறுமையாகக் கேட்டவர், "அப்படியென்றால் ஆபரேஷன் எதற்கு சார்?" என்றார்.

அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.