மண்டபத்தில் கார்னேஷன் வருமா?

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில் அத்தைக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரம் போட்டு, கார்னேஷன் பூச்செடி வைக்கப்போகிறேன் என்று மச்சான் போன மாதம் கிளம்பிவிட்டான். யாரோ ஒரு ஏஜென்ட், கல்யாண மேடை அலங்காரத்துக்கு ஒரு பூ என்ன விலை போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கோத்தகிரியில் இரண்டு வருடம் கார்னேஷன் பண்ணையில் வேலை பார்த்தவன் நான்.

அந்தப் பூவுக்கு ராத்திரிதான் முக்கியம். இரவில் 10 முதல் 15 டிகிரி வரை இருக்க வேண்டும், பகலிலும் 25-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. நம் கடற்கரையில் தை மாதப் பனியிலேயே 20-க்குக் கீழே போவது அபூர்வம். வெயிலில் காம்பு மெலிந்து, பூ சிறுத்துப்போகும்.

"பாலிஹவுஸ்னா உள்ளே ஜில்லுன்னு இருக்கும்ல மாப்ளே?" என்றான். இல்லை, அது மழையைத் தடுக்கும், சூட்டைப் பிடித்து வைக்கும். ஈரத் திரையும் ஃபேனும் வைத்துக் குளிர வைக்கலாம்தான், ஆனால் தண்ணீர் ஆவியானால்தான் குளிரும், நம் கடல் காற்றோ ஏற்கெனவே ஈரம்.

கோத்தகிரியிலும் அது சும்மா வளரவில்லை. செடி சாயாமல் இருக்க அடுக்கடுக்காக வலை கட்டி, ஒவ்வொரு காம்பிலும் நுனி மொட்டை மட்டும் விட்டுவிட்டுப் பக்க மொட்டுகள் பட்டாணி அளவில் இருக்கும்போதே விரலால் ஒடித்து எடுப்போம், சாயங்காலம் நகமெல்லாம் பச்சையாக இருக்கும். பகலுக்கும் இரவுக்கும் சூடு ரொம்ப மாறினால் மொட்டின் பச்சை உறை வெடித்து இதழ் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும், அதற்காக மொட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவோம். இதழ்கள் பெயின்ட் பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்கும்போது வெட்டி உடனே தண்ணீரில் வைக்க வேண்டும்.

நம் ஊரில் அலங்கார வேலை செய்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாழைப்பழம், மாம்பழத்தோடு இந்தப் பூவை ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பட்டால் இதழ் உள்பக்கமாகச் சுருண்டு தூங்கிவிடும், அப்புறம் என்ன தண்ணீர் வைத்தாலும் விரியாது.

சரி, அந்த ஒன்றரை ஏக்கரில் என்ன வைப்பது? பத்து மைலுக்குள் பாலம் தாண்டினால் தங்கச்சிமடம். அங்கே மணலில் வேர்விட்ட மல்லிகைக் கன்றைத் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். மச்சானைக் கூட்டிப்போய் ஒரு கன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன், வெள்ளை வேர் கொத்தாகத் தொங்கியது. திரும்பி வரும்போது ஒன்றேகால் மீட்டருக்கு ஒரு குழி என்றால் எத்தனை கன்று வேண்டும் என்று அவனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.