மார்க்கேரியன் 421: ஈரோட்டு நாட்குறிப்பு

ஜூன் 9

எக்ஸ் கதிர்களும் காமா கதிர்களும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று ஒப்பிடும் முதுநிலை மாணவி ஒருவரின் ஆய்வேட்டுக்காக மார்க்கேரியன் 421 என்னும் விண்மீன் பேரடையைத் தேர்ந்தோம். ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இதன் மையக் கருந்துளையிலிருந்து பீய்ச்சிக் கிளம்பும் துகள் தாரை நம்மை நோக்கியே இருப்பதால், இது பிளேசர் வகையைச் சேர்ந்தது. காமா கதிர்களுக்கு 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி, எக்ஸ் கதிர்களுக்கு 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் விண்வெளித் தொலைநோக்கி. இரண்டின் தரவுகளும் எவருக்கும் கிடைப்பதால், மடிக்கணினி ஒன்றே போதும்.

ஜூன் 11

ஃபெர்மி சுமார் 3 மணி நேரத்துக்கொருமுறை வானம் முழுவதையும் பார்த்தாலும், வந்துசேரும் காமா ஒளித்துகள்கள் சொற்பம் என்பதால் வாரக்கணக்கில் சேர்த்தே புள்ளியிடுகிறோம். ஸ்விஃப்டோ ஒருமுறை திரும்பினால் ஆயிரம் விநாடி அளவுக்கே பார்க்கும். இவ்விரண்டையும் அப்படியே ஒப்பிடுவது, காலிங்கராயன் வாய்க்காலில் ஒரு வாரம் ஓடிய தண்ணீரை, மதகடியில் கால் மணி நேரம் நின்று பார்த்த வேகத்தோடு ஒப்பிடுவதற்குச் சமம். எக்ஸ் கதிர்ப் புள்ளிகளையும் வாரவாரியாகச் சராசரி எடுக்கச் சொன்னேன்.

ஜூன் 12

பராமரிப்பு மின்தடை. வேலை ஓடவில்லை.

ஜூன் 16

அளவீட்டுப் பிழையைக் கழித்த பின்னும், ஃபெர்மியின் காமா கதிர்களைவிட எக்ஸ் கதிர்களிலேயே மாறுபாடு மிகுதியாக வந்தது. "காமாவுக்குத்தானுங்க சார் ஆற்றல் அதிகம், அதுதானுங்களே அதிகமா ஏறி எறங்கோணும்?" என்று மாணவி கேட்டது நியாயமே. விடை, கதிரை உமிழும் எலக்ட்ரானின் ஆற்றலில் இருக்கிறது. இப்பேரடையில் எக்ஸ் கதிர்களைத் தருபவை தாரையிலேயே ஆற்றல் மிக்க எலக்ட்ரான்கள். காந்தப்புலத்தில் சுழன்று விரைவில் ஆற்றலை இழந்துவிடும் அவற்றில், முடுக்கத்தில் நேரும் சிறு மாற்றமும் உடனே வெளிப்பட்டுவிடுகிறது. ஃபெர்மி காண்பதோ பெரும்பாலும், ஆற்றல் குறைந்த, மெல்லக் குளிரும் எலக்ட்ரான்கள் ஒளித்துகள்களை மோதி உயர்த்திய காமா கதிர்களை. எக்ஸ் கதிர் தரும் அதே எலக்ட்ரான்களின் காமா ஒளியைப் பிடிக்க டெரா எலக்ட்ரான்வோல்ட் (லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றல் அளவுக்குப் போக வேண்டும். அந்த ஆற்றலில் இதே பேரடையை அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி கண்டறிந்ததை 1992இல் அறிவித்தார்கள். அந்த ஆற்றலில் காமாவும், எக்ஸ் கதிரும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன.

ஜூன் 19

3சி 279 என்னும் வேறொரு பிளேசரில் கதை தலைகீழ். அதன் எக்ஸ் கதிர்கள் ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்களால் விளைபவை. ஆகவே காமா கதிர் பன்மடங்காக எழும்போதும் எக்ஸ் கதிர் அந்த அளவுக்கு எழுவதில்லை. எல்லாப் பிளேசர்களுக்கும் ஒரே விதி சொல்லும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குச் சலிப்புத்தான் வருகிறது. அதிலும் 1ஈஎஸ் 1959+650 பேரடையில் 2002இல் காமா மட்டும் வெடித்தெழ, எக்ஸ் கதிர் அதற்கு ஈடுகொடுக்கவில்லை; ஒரே எலக்ட்ரான் கூட்டத்தை வைத்து இதை விளக்குவது கடினம்.

ஜூன் 23

சூரியன் அத்திசையை நெருங்கும் மாதங்களில் ஸ்விஃப்ட் மார்க்கேரியன் 421 பக்கம் திரும்ப இயலாது. ஃபெர்மிக்கு அந்தத் தடை இல்லை. ஆண்டுதோறும் விழும் அந்த இடைவெளியைக் கோடு போட்டு நிரப்பாமல், இரு தரவுகளும் உள்ள வாரங்களுக்கு மட்டும் தொடர்பெண் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு) கணக்கிடச் சொல்லியிருக்கிறேன்.